20 நிமிடத்தில் அடங்கிவிடும் பிஎஸ்ஏ பி31: பெட்ரோலா, மேக்னெட்டோவா?

ஈசூன்_பி31
ஞாயிறு, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். சித்தப்பா விட்டுப்போன 1955 பிஎஸ்ஏ பி31 என்ற பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளை மூன்று வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து வருகிறேன். சிங்கப்பூரில் பழைய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்தில் பதிவான வண்டி. பட்டறை என்றால் என் நாலறை வீட்டின் சமையலறைப் பின்பக்கம், துணி காயப்போடும் இடம், அவ்வளவுதான். பெரிய பாகங்களை காக்கி புக்கிட்டில் நண்பர் பட்டறையில் கழற்றி, பழைய முரசு பேப்பரில் சுற்றி, லிஃப்டில் ஒன்பதாம் மாடிக்கு ஏற்றி வருவேன்.

இதுவரை டாங்கித் துரு எடுத்தாயிற்று, கார்புரேட்டர் கழுவியாயிற்று, பின்சக்கர ஸ்போக் மாற்றியாயிற்று. வண்டி அழகாக நிற்கிறது. காலையில் இரண்டாவது உதையில் பிடிக்கிறது. ஆனால் ஓட்டினால் சரியாக 20 நிமிடம். இன்று ஈசூனிலிருந்து மண்டாய் வழியாக லிம் சூ காங் போனேன். அந்த நேர்ச்சாலையில் இரண்டு மூன்று முறை இருமியது, பிறகு மூச்சு நின்றதுபோல் அடங்கிவிட்டது. எத்தனை உதை உதைத்தாலும் பிடிக்கவில்லை. மரநிழலில் முக்கால் மணிநேரம் உட்கார்ந்தேன். அப்புறம் ஒரே உதை, ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது. திரும்பி வரும்போது கிராஞ்சிப் பக்கத்தில் மறுபடியும் அதே கதை.

கிளாசிக் வண்டியை ஆண்டுக்குக் குறிப்பிட்ட சில நாள்தான் ஓட்டலாம் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த ஆண்டு நான்கு நாள் இப்படியே சாலையோரத்தில் போய்விட்டது. எங்கே தேடுவது என்று சொல்லுங்கள்.

காக்கிபுக்கிட்
ஞாயிறு, இரவு 10:15

அண்ணே, முதலில் சுலபமானதைப் பாருங்கள். டாங்கி மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தால் இதே மாதிரிதான் செய்யும். பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டருக்கு வரத்து நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டால் காற்று மெல்ல உள்ளே போய் மறுபடி இறங்கும். அடுத்த முறை அடங்கியதும் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று இழுத்தால் அதுதான்.

துரு எடுத்த டாங்கி என்கிறீர்கள். குழாயின் வடிகட்டியில் துருப்பொடி சேர்ந்திருக்கும், அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

தெம்பனிஸ்_வெஸ்பா
ஞாயிறு, இரவு 11:02

டாங்கித் துருவை எதில் எடுத்தீர்கள்? நான் என் வெஸ்பாவுக்குச் சலவைச் சோடா கரைசலில் மின்சாரம் விட்டு எடுத்தேன். வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் இரண்டு விஷயம். டாங்கியை எதிர்மறை முனையில் மாட்டவேண்டும், எதிரே வைக்கும் தகடு சாதாரண இரும்பாக இருக்கவேண்டும். துருப்பிடிக்காத எஃகைப் போட்டால் நச்சுக் குரோமியம் கரைந்து நீரில் கலக்கும். அப்புறம், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். என் வேலையறை வீட்டின் பாம் ஷெல்டர்தான், அடைத்த பாதுகாப்பு அறை. அதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒருநாளும் இதைச் செய்யாதீர்கள். நான் சன்னல் ஓரத்தில், மின்விசிறி போட்டு, அடுப்பெரிக்காத நேரத்தில் செய்தேன்.

காரிடாரில் வைக்கலாம் என்று தோன்றும். அங்கே 1.2 மீட்டர் வழி விடவேண்டும், அதோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நடமாடும் இடம். வேண்டாம்.

ஈசூன்_பி31
செவ்வாய், இரவு 8:20

அக்கா, நான் சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்தேன். பிறகு சோடா நீரில் அலசி, காயவைத்து, உள்ளே டூ ஸ்ட்ரோக் எண்ணெய் சுழற்றி வைத்தேன். நம் ஊர் ஈரத்தில் ஒரு ராத்திரி சும்மா விட்டாலே செம்மண் நிறம் வந்துவிடுகிறது.

வடிகட்டி சுத்தம். மூடியின் துளையில் ஊசி விட்டுப் பார்த்தேன், திறந்துதான் இருக்கிறது. ஆனாலும் சந்தேகம் தீரட்டும் என்று இன்று மாலை வேலை முடிந்து வந்து ஒரு சுற்று ஓட்டினேன். ஐந்தாவது நாளும் போயிற்று. அடங்கியதும் மூடியைத் திறந்தேன், சத்தமே இல்லை. கார்புரேட்டர் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் நிறைய இருக்கிறது. பிளக்கைக் கழற்றி சிலிண்டர் தலையில் சாய்த்து உதைத்தேன். இருட்டும் நேரம் என்பதால் நன்றாகத் தெரிந்தது: மஞ்சளாக, நூல்போல ஒரு பொறி, அதுவும் மூன்று உதைக்கு ஒருமுறை. வீட்டுக்கு வந்து ஆறியபிறகு அதே பிளக்கில் பார்த்தேன். நீலமாக, டப்டப்பென்று அடிக்கிறது.

பழைய_மேக்னெட்டோ
செவ்வாய், இரவு 9:55

தம்பி, பெட்ரோலை விட்டுவிடுங்கள். நோய் பிளக்குக்கு மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோவில்தான்.

நான் செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் மோட்டார் காயில் சுற்றியவன். மேக்னெட்டோவும் டைனமோவும் சேர்ந்த லூகாஸ் மேக்டைனோவைப் பல முறை திறந்திருக்கிறேன். சூடானால் சாவது, ஆறினால் எழுவது என்ற குணம் இரண்டு காரணத்தால் வரும். ஒன்று, ஆர்மேச்சர் என்னும் சுழலும் காயிலின் மெல்லிய வெளிச்சுற்றில் காப்பு உடைந்திருக்கும். அக்காலத்தில் அரக்கு வார்னிஷ்தான் பூசினார்கள். வருடக்கணக்கில் வெந்து இளகி வழியும், சில வண்டிகளில் ஆர்மேச்சரையே பசைபோல் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று கண்டென்சர். பத்தில் ஏழெட்டு வண்டியில் குற்றவாளி கண்டென்சர்தான் என்பது என் அனுபவம்.

ஏன் என்று சொல்கிறேன், புரிந்து செய்தால் கை நடுங்காது. பாயிண்ட் என்னும் தொடுமுனைகள் திறக்கும் கணத்தில் உள்சுற்றில் ஓடும் மின்சாரம் சட்டென்று அறுபடவேண்டும். அறுபட்டால்தான் காந்தப்புலம் ஒரேயடியாகச் சரிந்து, வெளிச்சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். பாயிண்ட் மட்டும் இருந்தால் அந்த மின்சாரம் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகப் பாய்ந்து வீணாகும். அதை ஏந்திக்கொள்ளத்தான் கண்டென்சர். அது கசிய ஆரம்பித்தால் புலம் மெதுவாகச் சரியும், பிளக்கில் நூல் பொறி வரும். உதைக்கும் வேகத்தில் மேக்னெட்டோவுக்குப் பலம் குறைவு. அதனால்தான் ஓடும்போது இருமிக்கொண்டாவது ஓடும், நின்றபின் உதைத்தால் பிடிக்காது. மேக்னெட்டோ எஞ்சினோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. இங்கிலாந்துக் குளிரில் தாங்குவது நம் வெயிலில் அவ்வளவு நாள் தாங்காது.

பாயிண்ட் மூடியைத் திறந்து இரண்டு முனையையும் பாருங்கள். கருகிக் குழி விழுந்திருக்கிறதா?

ஈசூன்_பி31
புதன், காலை 7:05

ஐயா, வேலைக்குக் கிளம்பும் முன் திறந்தேன். ஒரு முனையில் சிறு மேடு, எதிர்முனையில் அதற்கேற்ற குழி. சுற்றிலும் சாம்பல்நிறக் கரி. இடைவெளி அளந்தேன், ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு, கையேட்டில் உள்ளபடியே இருக்கிறது.

பழைய_மேக்னெட்டோ
புதன், காலை 7:31

கண்டென்சர்தான். சனிக்கிழமை கழற்றுங்கள். அதற்குமுன் நான் எழுதுவதைப் படியுங்கள், இரவு எழுதுகிறேன்.

ஆர்எக்ஸ்இசட்_தம்பி
புதன், மதியம் 1:10

ஐயா, அண்ணே, நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் 1996இல் பதிவான யமஹா ஆர்எக்ஸ்இசட் இருக்கிறது. அப்பா வாங்கியது. அதைக் கஃபே ரேசர் மாதிரி மாற்ற ஆசை. பின்பக்கச் சட்டத்தை (ஃப்ரேம்) வெட்டி, ஒற்றை இருக்கை போட்டு, கைப்பிடியைத் தாழ்த்தலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் வெட்ட இடமில்லை. யாராவது செய்து தருவார்களா?

காக்கிபுக்கிட்
புதன், மதியம் 1:48

தம்பி, பட்டறை வைத்திருப்பவன் சொல்கிறேன், சட்டத்தில் வாள் வைக்காதே. இங்கே சட்டத்தை வெட்டி ஒட்டுவதை நிலப் போக்குவரத்து ஆணையம் ஏற்காது. புகைக்குழாயும் அனுமதி பெற்றதாக இருக்கவேண்டும். உன் வண்டி ஒவ்வொரு வருடமும் சோதனைக்குப் போகிறது. அங்கே திருப்பி அனுப்பினால் பழைய சட்டத்துக்கு எங்கே போவாய்?

கைப்பிடி, இருக்கை மாதிரி நட்டு போல்ட்டில் வருவதையும் முதலில் அனுமதி கேட்டுவிட்டு மாற்று. கழற்றிய ஒவ்வொரு துண்டையும் எண்ணெய் தடவிப் பெட்டியில் வை.

தெம்பனிஸ்_வெஸ்பா
புதன், மாலை 6:30

தம்பி, வெட்டுவதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. உனக்குத் தெரிந்திருக்கும் என்றாலும் சொல்கிறேன். 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் 30க்குப் பிறகு சாலையில் ஓடக் கூடாது. 2018இல் அறிவித்தார்கள். முன்கூட்டியே ஒப்படைத்தவர்களுக்கு 3,500 வெள்ளி வரை ஊக்கத்தொகை கொடுத்தார்கள், அதுவும் 2023 ஏப்ரலோடு முடிந்தது. கிளாசிக், விண்டேஜ் திட்டங்களில் உள்ளவற்றுக்கு மட்டும் விலக்கு.

கிளாசிக் என்றால் குறைந்தது 35 வயது. என் வெஸ்பா 1988இல் பதிவானது, அதனால் தப்பித்தது. உன் வண்டிக்கு 35 ஆவது 2031இல். இடையில் மூன்று வருடம்.

ஆர்எக்ஸ்இசட்_தம்பி
புதன், மாலை 6:52

தேதி தெரியும் அக்கா. கணக்குப் போட்டுப் பார்க்க மனம் வரவில்லை. பதிவை நீக்கிவிட்டு மூன்று வருடம் வீட்டில் வைத்திருந்து திரும்பப் பதிய முடியாதா?

தெம்பனிஸ்_வெஸ்பா
புதன், மாலை 7:20

பதிவை நீக்கினால் உடைக்கவேண்டும், அல்லது ஏற்றுமதி செய்யவேண்டும். வீட்டில் அலங்காரமாக வைக்க முடியாது. 1993 நடுவிலிருந்து 2003 நடுவு வரை பதிவான எல்லா வண்டிக்கும் இதே நிலைதான். அந்தப் பத்து வருடத்து டூ ஸ்ட்ரோக் வண்டிகள் இந்த ஊர்ச் சாலையிலிருந்து மொத்தமாகப் போகப்போகின்றன. நான் அதை நினைத்து வருத்தப்படுகிறேன். புகை குறையவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. வருடத்துக்குச் சில நாள் மட்டும் ஓடும் வண்டிக்கு மூன்று வருடம் பொறுத்திருக்க ஒரு வழி வைத்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

உன்னிடம் இன்னும் நேரம் இருக்கிறது. ஆணையத்துக்கு எழுத்தில் கேள். பதில் எதுவானாலும், வெட்டாத வண்டிக்கு மலேசியாவின் ஜொகூரில் மதிப்பு உண்டு. அங்கே ஆர்எக்ஸ்இசட்டை உயிராக வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். வெட்டிய வண்டியை அவர்களே தொடமாட்டார்கள்.

பழைய_மேக்னெட்டோ
புதன், இரவு 10:40

ஈசூன் தம்பிக்கு.

முதலில் டைனமோவைக் கழற்றுங்கள், மேலே பட்டையில்தான் பிடித்திருக்கிறது. அடுத்தது முக்கியம். ஆர்மேச்சரை இழுப்பதற்குமுன் மூன்று பொருள் வெளியே வந்திருக்கவேண்டும்: பிளக் வயர் செருகும் பிக்அப், அடியில் உள்ள எர்த் தூரிகை, பாதுகாப்புப் பொறி ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூ சின்னதாக, ஒன்றுக்கும் உதவாததுபோல் இருக்கும். அதை மறந்து ஆர்மேச்சரை இழுத்தவர்கள், மின்சாரத்தைப் பிக்அப்புக்குக் கொடுக்கும் வளையமான ஸ்லிப் ரிங்கை உடைத்திருக்கிறார்கள்.

பாயிண்ட் தகட்டின் நடு போல்ட்டைக் கழற்றி வெளியே எடுத்துவிட்டு முனை மூடியைத் திறங்கள். தாள்போல மெல்லிய வளையங்கள் வரும். எது எந்தப் பக்கம், எத்தனை என்று எழுதி வையுங்கள். ஆர்மேச்சர் வெளியே வந்ததும் காந்தத்தின் இரண்டு முனைகளையும் மெல்லிய இரும்புத் துண்டால் இணைத்து வையுங்கள். அந்தக் காலத்துக் காந்தம், சும்மா விட்டால் பலம் இழக்கும்.

கண்டென்சர் ஆர்மேச்சருக்குள்ளேயே இருக்கிறது. மல்டிமீட்டரில் சோதித்து நல்லது என்று நம்பிவிடாதீர்கள். மீட்டர் கொடுப்பது சில வோல்ட்தான், அதில் எல்லாம் நல்லதாகத்தான் காட்டும். ஈயத்தை உருக்கி அதைத் தனியாகப் பிரித்து, மெகர் என்னும் காப்புச் சோதனைக் கருவி வைத்து 500 வோல்ட்டில் பார்க்கவேண்டும். என்னிடம் மெகர் இருக்கிறது. ஞாயிறு காலை செம்பவாங் வாருங்கள், நம் புளோக் கீழ்க் காப்பிக்கடையில் இருப்பேன்.

இன்னொன்று, உங்களிடம் பழைய பிரிட்டிஷ் அளவான விட்வொர்த் ஸ்பேனர் இருக்கிறதல்லவா?

ஈசூன்_பி31
வியாழன், இரவு 9:15

இருக்கிறது ஐயா. சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடுவதற்குச் சில மாதம் முன்பு, ஒரு சீனப் பெரியவரிடம் துணியில் கட்டிய ஒரு மூட்டை வாங்கினேன். அப்போது வண்டி என்னிடம் இல்லை, சித்தப்பாவுக்காக வாங்கியது. அதில் எழுதிய எண்ணுக்கும் வாய் அகலத்துக்கும் சம்பந்தமே இல்லையே என்று குழம்பினேன். எண் குறிப்பது போல்ட்டின் தடிமனை என்று சித்தப்பாதான் சொன்னார். மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு நட்டின் மூலையை உருட்டினால் அவருக்குக் கோபம் வரும். அந்த மூட்டையைப் பிரித்ததும் கால் அங்குலத்தை எடுத்து ஒரு நட்டில் மாட்டி, ஆடாமல் உட்கார்ந்ததைக் காட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் இந்த வண்டியைக் கைவிடவில்லை.

பழைய_மோரிஸ்
வியாழன், இரவு 10:30

பொதுவான கேள்வி. பழைய மோரிஸ் மைனர் கார் உடலில் பெரிய எஞ்சின் வைத்து, வேகத்துக்காக மாற்றிய ஹாட் ராட் மாதிரி செய்வது இங்கே சாத்தியமா?

காக்கிபுக்கிட்
வியாழன், இரவு 10:58

எஞ்சின் மாற்றம் அனுமதி இல்லாமல் ஆகாது, அதிலும் பெரிய எஞ்சினுக்குக் கிடைப்பது மிகக் கடினம். 1932 ஃபோர்டை வாங்கி, கூரையைத் தாழ்த்தி, கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரித்தரையில் ஓட்டிப் பார்த்தவர்களின் கலை அது. வீட்டுக்குப் பின்னால் கொட்டகையும் ஓட்ட வெட்டவெளியும் அவர்களுக்கு இருந்தன. மோரிஸை மோரிஸாகவே நன்றாக ஓடவைப்பதில் உங்களுக்கு ஐந்து வருட வேலை இருக்கிறது. அதற்கு என்னால் ஆன உதவி செய்கிறேன்.

ஈசூன்_பி31
திங்கள், இரவு 11:20

சனிக்கிழமை காக்கி புக்கிட்டில் கழற்றினோம். ஐயா சொன்ன மூன்றில் பாதுகாப்பு ஸ்க்ரூவைக் காணோம்! அந்த ஓட்டையில் கறுப்புப் பசை வைத்து அடைத்திருந்தது. ஆர்மேச்சரை மெல்ல இழுத்தபோது காரணம் தெரிந்தது. ஸ்லிப் ரிங்கின் ஓரத்தில் நகம் அளவு துண்டு உடைந்து, அதை எதையோ வைத்து ஒட்டியிருக்கிறார்கள். பத்து வருடம் முன்பு சித்தப்பா இந்த மேக்னெட்டோவை ஒரு பட்டறையில் கொடுத்து நிறையப் பணம் கட்டினார். முழுதாகப் புதுப்பித்துவிட்டோம் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். உள்ளே அந்தக் காலத்துக் கண்டென்சர் அப்படியே இருக்கிறது. அவர் கடைசி வருடங்களில் வண்டி ஓடவில்லையே என்று தன் கையையே குறை சொல்லிக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஞாயிறு காலை ஐயாவைப் பார்த்தேன். காப்பிக்கடை மேசையில் பேப்பர் விரித்து, மெகரின் கைப்பிடியைச் சுற்றினார். வெளிச்சுற்று நன்றாக இருக்கிறது. பிரித்தெடுத்த கண்டென்சரைப் பிடித்தார். முள் ஏறி, தயங்கி, பாதி வழியில் நின்றது. பிறகு கண்டென்சரைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, கொதிநீர் இருந்த குவளைக்குள் ஐந்து நிமிடம் இறக்கி வைத்தார். மறுபடி சுற்றினார். முள் அசையவே இல்லை, தரையில் படுத்துக்கிடந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

சிம் லிம் டவரில் ஆயிரம் வோல்ட் தாங்கும், 0.15 மைக்ரோஃபாரட் கண்டென்சர் வாங்கினேன், சில வெள்ளிதான். ஸ்லிப் ரிங் புதிதாக இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். ஐயா, ஒட்டிய துண்டோடு ஓட்டலாமா?

பழைய_மேக்னெட்டோ
செவ்வாய், காலை 6:50

கூடாது. விரிசல் வழியாக உயர் மின்னழுத்தம் மேக்னெட்டோவின் உடம்புக்குத் தாவும், மறுபடி அதே நோய் என்று நினைப்பீர்கள். மூன்று வாரம் பொறுங்கள். புதிய பாயிண்ட்டும் சேர்த்து வரவழையுங்கள்.

உங்கள் சித்தப்பா கையில் குறை இல்லை தம்பி. ஒரு முறை இதைத் திறந்து பார்த்த எனக்கு அது தெரியும்.

ஈசூன்_பி31
ஞாயிறு, மதியம் 12:45 (நான்கு வாரத்துக்குப் பிறகு)

ஸ்லிப் ரிங் வந்தது, ஐயா வீட்டிலேயே பொருத்தினோம். நேற்று வண்டியில் மாட்டினோம். பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, வைக்க ஐயா ஒரு சிகரெட் தாளைப் பாயிண்ட்டுக்கு இடையில் கொடுத்து, லேசாக இழுத்துப் பிடிக்கச் சொன்னார். கைப்பிடி லீவர் முழு அட்வான்ஸில். பிஸ்டனை அளவுக்கு நிறுத்திவிட்டு அவர் ஆர்மேச்சரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். தாள் இறுக்கமாக, இறுக்கமாக, அப்புறம் சட்டென்று என் விரலோடு வந்துவிட்டது. அந்த இடத்தில் பல்சக்கரத்தைத் தட்டி இறுக்கினோம். இரண்டாவது தடவை சோதித்தபோது கொஞ்சம் நகர்ந்திருந்தது, கழற்றி மறுபடி செய்தோம். நான்காவது தடவைதான் சரியாக அமைந்தது.

இன்று விடிகாலை கிளம்பி, பழைய அப்பர் தாம்சன் சாலை வழியாகப் போனேன். 1973 வரை கிராண்ட் பிரீ நடந்த சாலை அது. சித்தப்பா சிறுவயதில் அங்கே வேலியோரம் நின்று மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்த்ததாகச் சொல்வார். பிறகு மண்டாய், லிம் சூ காங் கடைசிவரை, திரும்பி கிராஞ்சி. நிறுத்தாமல் ஒரு மணி பத்து நிமிடம். இருமல் இல்லை. கிராஞ்சியில் வேண்டுமென்றே அணைத்தேன். எஞ்சின் கை வைக்க முடியாத சூடு. வால்வ் லிஃப்டரைப் பிடித்துக் கம்ப்ரஷனைத் தாண்டி, உதைத்தேன். முதல் உதையிலேயே பிடித்தது.

வீட்டுக்கு வந்து பாயிண்ட்டைத் திறந்து பார்த்தேன். இரண்டு முனையும் பளிச்சென்று இருக்கின்றன.

ஆர்எக்ஸ்இசட்_தம்பி
ஞாயிறு, மதியம் 1:05

வாழ்த்துகள் அண்ணே! நான் ஆணையத்துக்கு எழுதிவிட்டேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன். வாளை எடுக்கவில்லை. அப்பா போட்ட பழைய இருக்கை உறையைத் திரும்பத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை கார்புரேட்டர் பிரிக்கிறேன், வந்து பார்க்க முடியுமா?

ஈசூன்_பி31
ஞாயிறு, மதியம் 1:12

வருகிறேன் தம்பி. ஜெட் துளையில் கம்பி விட்டுவிடாதே, நான் வரும்வரை பெட்ரோலில் ஊறட்டும்.

பழைய_மேக்னெட்டோ
ஞாயிறு, மாலை 4:30

பாதுகாப்பு ஸ்க்ரூவைத் திரும்பப் போட்டீர்களா?

ஈசூன்_பி31
ஞாயிறு, மாலை 4:34

புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுவிட்டேன் ஐயா. எர்த் தூரிகையும் பார்த்தேன்.